கொத்தனார் வைத்த பாட்டில்

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். ஊர் முடிந்த இடத்திற்கு அப்பால், வீட்டுமனைக் கற்கள் மட்டும் நட்டுக் கிடக்கும் வெட்டவெளி. நடுவே ஒரு சாலை. விளக்கில்லை... நாய்கூட இல்லை. அச்சாலையில் ஓர் இருசக்கர வண்டி தனியே போய்க்கொண்டிருந்தது.

சற்று நெருங்கி உட்காருங்கள். கதவைச் சாத்த வேண்டா, மூச்சு முட்டும்.

வண்டியில் சென்றவன் நம் தபால்கார நண்பருடைய தங்கை கணவன். வீடுகளுக்கு வயரிங் செய்பவன். ஆகையால் கூட வேலை செய்வோர் அவனைக் ‘கரண்டு’ என்றே அழைப்பர். அன்றிரவு ஒரு புது மாளிகையின் முதலாளி அவனைத் தொலைபேசியில் அழைத்திருந்தார்.

“உன் வயர்லதான் என்னமோ கோளாறு. வீடே ஊளையிடுதுடா. உடனே வா.”

வயர் ஊளையிடாது என்பது கரண்டுக்குத் தெரியும். ஆயினும் போனான். அந்த முதலாளி கூப்பிட்டால் போகாதிருக்க அவனால் இயலாது. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாளிகை கட்டி முடியும் தறுவாயில் முதலாளி எவருக்கும் கூலி கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் இழுத்தடித்தார். கேட்டால், “நான் என்ன ஓடியா போயிடுவேன்?” என்பார். ஒரு நாள் நண்பகலில் மணற்குவியலருகே எல்லோரும் கூடினர்.

“லேபர் ஆபீசுல எழுதிக் குடுத்துருவோம்,” என்றார் தச்சர்.

“குடுப்போம்ணே. ஆனா அவங்க கூப்பிட்டு விசாரிக்கிறதுக்குள்ள இவரு குடி வந்து கால நீட்டிப் படுத்துருவாரு,” என்றாள் சித்தாள் அக்கா. “அதுக்கு முன்னாடி பிடிச்சாத்தான் உண்டு. பூட்டு மாட்ட மாட்டோம், தண்ணி திறக்க மாட்டோம், கரண்டு குடுக்க மாட்டோம். கிரகப்பிரவேச விருந்துக்கு வர்றவங்க இருட்டுல சுவத்தத் தடவிட்டுப் போகட்டும்!”

எல்லோரும் சிரித்தனர். கொத்தனாரும் சிரித்தார், சிரிப்பு இருமலாயிற்று. பல்லாண்டுகள் சிமெண்டுத் தூளைச் சுவாசித்த நெஞ்சு அது. மூச்சு விடுந்தோறும் உள்ளே ஒரு விசில் கேட்கும்... ஈ... ஈ... என்று. உறிஞ்சும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. கூலி வந்தால்தான் மருந்து.

“எங்கிட்ட இன்னொரு வழி இருக்கு,” என்றார் அவர். “வெறும் பாட்டில் ஒண்ண, வாய் மட்டும் வெளிய தெரியிற மாதிரி சுவத்துல வச்சுப் பூசிருவேன். காத்தடிச்சா வீடே அழும்.”

“முதலாளி வீட்லயாண்ணே?” என்று கேட்டான் கரண்டு.

“என் கூலி யார் கையில இருக்கோ, அவன் வீட்ல மாப்ள.”

எல்லோருக்கும் கணக்குத் தீரும்வரை எவரும் வேலையை முடித்துக் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கரண்டும் கையை உயர்த்தினான்.

விருந்துக்கு முந்தின நாள் மாலை முதலாளி அவனைத் தனியே அழைத்து ஓர் உறையைக் கொடுத்தார். “உன்னுது மொத்தமும் இருக்கு. மேல இருக்கிறது அந்த இருமல் கிழவனோடது. அதையும் நீயே வச்சுக்கோ. லைட்ட மட்டும் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தான். மாளிகை முழுவதும் ஒரே நொடியில் ஒளிர்ந்தது. வெளிச்சம் கிடைத்த பின், பூட்டுக்கும் தண்ணீருக்கும் வேற்றாட்களை இரவோடிரவாகப் பிடித்து வந்தார் முதலாளி. கூலி கேட்டு வாயிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் மீதும் அந்த வெளிச்சம் விழுந்தது. கொத்தனார் ஜன்னலில் நின்ற கரண்டை அண்ணாந்து பார்த்தார். பேச மூச்சில்லை.

மற்றவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி தேடி ஓடினர். வண்டி வருவதற்குள் அவர் மதிலில் சாய்ந்தபடியே அடங்கிவிட்டார்.

“விடிஞ்சா விருந்தாளிங்க வந்துருவாங்கய்யா. ஓரமா இழுத்துப் போடு,” என்றார் முதலாளி.

காலைப் பிடித்து இழுத்தவன் கரண்டு.

அதற்கு அடுத்த மாதந்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு. இப்போது சாலைக்கு வாருங்கள்.

மாளிகையை நெருங்கும்போதே கேட்டது. ஈ... ஈ... ஓர் இலைகூட அசையவில்லை. ஆனால் வீடு விசிலடித்தது. புதிதாய்க் குழைத்த சிமெண்டின் ஈர வாடை வேறு. கரண்டு டார்ச்சை அடித்துச் சுவர்களைச் சுற்றிச் சுற்றித் தடவினான். பாட்டில் இல்லை. எங்குமே இல்லை.

“என்னடா தேடுற?” என்றார் முதலாளி. அவன் வண்டியைக் கிளப்பினான். பாதி வழியில் தொலைபேசி அடித்தது.

“என்னடா பண்ணுன? நீ வாசலத் தாண்டுனதும் நின்னுருச்சே! கெட்டிக்காரன்டா நீ.”

அதன்பின் அம்மாளிகையில் எந்தச் சத்தமும் எழுந்ததில்லை. முதலாளி இன்றும் குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

அழைப்பு முடிந்ததும் கரண்டு வண்டியை நிறுத்தினான். எஞ்சின் அடங்கிற்று. இருட்டில், சாலையின் முன்பக்கத்தில்... அவன் வீடு இருக்கும் திசையில்... ஈ... ஈ...

வீட்டை அடைந்தபோது மனைவி வாசலில் நின்றிருந்தாள். “ஏங்க, பூச்சு வேலைக்கு ராத்திரியிலயா ஆள் அனுப்புவீங்க? இருமிக்கிட்டே பாப்பா ரூம்ல பூசிட்டு இப்பத்தான் போறாரு. கூலி எவ்வளவுன்னு கேட்டேன். அது உங்ககிட்டயே இருக்குன்னுட்டாரு.”

உள்ளே ஓடினான். மகள் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டுச் சுவரில், ஈரப் பூச்சின் நடுவே, ஒரு பாட்டிலின் வாய். அந்தச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நின்றது. காற்று நுழைய வழியே இல்லை. ஆயினும் உள்ளிருந்து வெதுவெதுப்பாய் வந்தது... ஈ... ஈ...

கட்டைவிரலால் அவ்வாயை அடைத்தான். சத்தம் நின்றது.

மகளின் மூச்சும் நின்றது.

விரலை எடுத்தான். ஈ... என்றது சுவர். மகளின் மார்பு ஏறி இறங்கிற்று. மறுபடி அடைத்தான்... அவள் உதடு நீலம் பாய்ந்தது. எடுத்தான். மீண்டும் அடைத்துப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

விடிந்ததும் உறையை எடுத்துக்கொண்டு கொத்தனார் வீட்டிற்கு ஓடினான். கதவில் பூட்டு. வாடகை கொடுக்க இயலாமல் அவர் பெண்டாட்டி பிள்ளைகள் எங்கோ போய்விட்டனராம். எங்கே என்பது எவருக்கும் தெரியவில்லை. உறை இன்னும் அவனிடந்தான் இருக்கிறது.

மகள் வளர்ந்துவிட்டாள். வேறெங்கே படுத்தாலும் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. கரண்டு இப்போது இரவு வேலைக்குப் போவதில்லை. நாள்தோறும் மெல்லிய துணியால் அந்தப் பாட்டில் வாயின் தூசியைத் துடைத்துவிட்டு, அதனருகிலேயே உட்கார்ந்திருக்கிறான். எப்போதாவது கண்ணயர்ந்துவிடுகிறான்... அவனும் மனிதன்தானே.

சென்ற வாரம் நம் தபால்கார நண்பர் அங்கே போயிருந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தாராம். இத்தனை ஆண்டுகளாகியும் பூச்சு காயவில்லை. அதன்மேல் பூச்சுக் கரண்டி இழுத்த தடம் புதிதாயிருந்தது. பாட்டிலின் வாய் பாதி மூடியிருந்தது.