ஊதா மூடி டியூப்

இல்ல சம்மந்தி, லேப் மஸீனா மிஸ் மேல எழுதுன அந்த பெட்டிசன இப்ப குடுக்காதீங்க. பெரிய டொக்டர் வர இன்னும் அரை மணித்தியாலம் கெடக்கு. இப்பிடி பெஞ்சுல உக்காருங்க. பேத்திக்கு ரத்தம் ஏறுது, என் மக ராஜகுமாரி பக்கத்துல தான் இருக்கு.

கோவம் நியாயம் தான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, எங்க மகன் ரத்தத்துல இந்தக் குறை இருக்குன்னு ஒங்க வாயாலயே சொன்னீங்க. வேற யாரு சொல்லுவா? பொண்ணுக்கும் பாத்துட்டுத் தான் தட்டு மாத்தணும்னீங்க.

மெசின் பிழையா? இருபத்திரெண்டு வருசமா அந்த லேபுக்கு ரத்த டியூப் சொமக்கிறேன், அப்பிடி நடந்ததில்ல. ஒங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்றேன், கலகெதரயில தையக்கட வச்சிருக்கீங்கள்ல. ஜீன்ங்கிறது நீங்க அளவு வெட்டி வச்சிருக்கிற கடதாசி. அதப் பாத்து ஒடம்பு தைக்கிற சட்ட தான் புரதம். ரத்தத்துல செவப்பு இருக்கே, அதுவும் ஒரு புரதம் தான். கடதாசி ரெண்டு. அப்பா குடுத்தது ஒன்னு, அம்மா குடுத்தது ஒன்னு. ஒன்னு பிழைன்னா மத்தது சமாளிச்சிரும், ஆளப் பாத்தா தெரியாது. ரெண்டும் பிழைன்னா... நம்ம புள்ள தான்.

மஸீனா மிஸ் பாக்குறது கடதாசிய இல்ல, சட்டைய. கரண்டுல ஓட விட்டா புரதம் கோடு கோடா பிரியும். கடைசிக் கோடு தடிச்சிருந்தா குறை. கமலத்துக்குத் தடிச்சிருந்திச்சு. ஆமா, என் சம்சாரத்துக்குத் தான். ஒங்கள்ட்ட சொல்லல. அதனால ராஜகுமாரிக்கு ஏற்கனவே ரெண்டு எடம் தட்டிப் போயிருந்திச்சு.

எனக்குக் கோடு சுத்தம்.

இல்ல, மிஸ் மேல தப்பே இல்ல. அவங்க கைக்கு வந்த ரத்தத்தப் பாத்தாங்க, குறையில்லன்னு கையெழுத்துப் போட்டாங்க. அந்த ரத்தத்துல குறை இல்ல தானே. இப்ப வேலையே போற நெலமையில அந்தப் புள்ள அழுதுக்கிட்டு நிக்கிது. எனக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு, வீரய்யா அண்ணே, நான் எங்க பிழ விட்டேன்னு என்னயவே கேக்குது.

ராஜகுமாரிக்கு ரத்தம் எடுத்த அன்னைக்கு எனக்கும் வேலைக்கான மெடிக்கல் செக்கப் இருந்திச்சு. ரெண்டும் ஊதா மூடி டியூப் தான். வார்ட்டுக்கும் லேபுக்கும் நடுவுல ஒரு படிக்கட்டு. பேர் ஒட்டுன துண்ட உரிச்சு மாத்தி ஒட்ட எனக்கு அந்த எடம் போதுமா இருந்திச்சு. நாலு புள்ளைக்கு ஒன்னுக்குத் தானே வரும்னு நெனச்சேன்.

இந்தாங்க பேனா. மஸீனாங்கிற பேர வெட்டிட்டு என் பேர எழுதுங்க. மத்ததெல்லாம் நீங்க எழுதுன மாதிரியே இருக்கட்டும்.