பாக்கி இருக்கட்டும்

— என்ன, இன்னிக்கு ஃபோன் வரலையாக்கும்?

— எந்த ஃபோன்?

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே. வாஷிங் மெஷின் பாக்கிக்குக் கூப்பிடறானே, அந்த வசூல்காரன். பதினோரு மணிக்கு அவன் கூப்பிடுவான்னு நீ பத்தே முக்காலுக்கே தலையை வாரிக்கிட்டு உக்காந்திடறே. ஃபோன்ல தலை தெரியுமா?

— அட போங்க. இந்த வயசுல எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்.

— கேட்டுக்கோ, இருபத்தஞ்சு வருஷமா வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கறவன் நான். பக்கத்துல உக்காந்திருக்கறவங்க கண்ணு எங்க போகுதுன்னு திரும்பாமலே சொல்லுவேன். உன் கண்ணு ரோட்டுல இல்லை.

— வேற எங்க இருக்காம்?

— முந்தாநாள் சிரிச்சே. சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு. நான் வெளியில கையில செருப்போட நின்னுக்கிட்டிருந்தேன். பையன் வீட்டை விட்டுப் போனதுலேர்ந்து நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. நானும் கோமாளி மாதிரி என்னென்னமோ பண்ணிப் பார்த்தேன். கடன் கேக்கறவன் வந்து சிரிக்க வெச்சுட்டான். வயிறு எரியுது எனக்கு.

— தண்ணி குடிங்க.

— கேலியா? நான் எடுத்தா டக்குனு வெச்சுடறான். நீ எடுத்தா அரை மணி நேரம். அப்படி என்னதான் பேசறான்?

— முட்டி வலி எப்படி இருக்குன்னு கேட்டான். வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கன்னான்.

— உனக்கு முட்டி வலியா?

— பாத்தீங்களா!

— சரி, அது என் தப்பு. ஆனா அதைக் கேக்க அவன் யாரு? கட்டு, இல்லேன்னா வீட்டுக்கு ஆள் வரும்னு மிரட்டறதுதானே அவன் பொழப்பு?

— அதுவும் சொல்லுவான். "மேடம், இந்த வாரம் ஏதாவது கட்டிடுங்க"ம்பான். நானும் நூறோ எரநூறோ கட்டுவேன்.

— ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர் போய்ச் சேரலாம்னு பாக்கறியா? இந்தத் தெருவுல நான் எவனுக்கும் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லை. நம்ம வீட்டுக்கு எப்படி வசூல்காரன் வந்தான்?

— உங்க டிரைவிங் ஸ்கூலுக்கு நாலஞ்சு மாசம் ஆளே வரலையே, அப்போ தவணை நின்னுபோச்சு. சொன்னா நீங்க தூங்க மாட்டீங்கன்னு சொல்லலை. கடைக்காரங்க லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க. அப்புறம் தங்களால ஆகாதுன்னு வசூல் பண்ற ஏஜென்சி கையில கொடுத்துட்டாங்க. வசூலாகற பணத்துல அவங்களுக்கும் பங்கு.

— தெரியும். கடையில விசாரிச்சுட்டு, நேத்து அந்த ஏஜென்சிக்கே போயிட்டு வந்தேன்.

— எதுக்குங்க?

— அவன் மூஞ்சியைப் பார்க்கத்தான்! பெரிய ஹாலு. காதுல ஃபோனை மாட்டிக்கிட்டு வரிசையா கத்திக்கிட்டிருக்காங்க. இதுல அவன் எவன்னு எப்படித் தெரியும்? கடைசி மேஜையில ஒருத்தன் கீழே குனிஞ்சு பேனாவைத் தேடறான், தேடறான், நான் கிளம்பற வரைக்கும் தேடறான். அப்படி ஒரு சோம்பேறி.

— அப்புறம்?

— டயர் மாத்த வெச்சிருந்த பணத்தை எடுத்து மொத்தக் கணக்கையும் அடைச்சுட்டேன். இனிமே இந்த நம்பருக்கு எவனும் கூப்பிடக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். மணி பதினொண்ணரை ஆச்சு, அடிச்சுதா? … ஏய், என்ன இது? அவனுக்காகவா அழறே?

— முழுசா கட்டிட்டீங்களா?

— வட்டியோட.

— அப்போ அவன் லிஸ்டுல என் பேர் இருக்காதில்ல?

— இருக்கக் கூடாதுன்னுதானே கட்டினேன்!

— "இனி உன் ஃபோன்கூட இந்த வீட்டுக்கு வரக் கூடாது"ன்னு வாசல்ல நின்னு பையன்கிட்ட கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா? பண்ணவே மாட்டேன்னு அவனும் சத்தியம் பண்ணிட்டுப் போனான். உங்க ரத்தம், வேற எப்படி இருப்பான்? ஆபீஸ் வேலையா கூப்பிட்டா அது சத்தியத்துல சேராதாம். அவனா சொல்லிக்கிட்டான்.

— யாரு?

— இத்தனை நாள்ல ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிடலைங்க. மேடம், மேடம்னுதான். அந்த "மேடம்"கிற குரலைக் கேக்கத்தான் நூறு நூறா கட்டினேன்.

— …அந்தக் கடைசி மேஜை.

— உங்களைப் பார்த்துத்தான் குனிஞ்சிருப்பான்.

— முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. இளைச்சிருந்தான்.

— உக்காருங்க. எங்க கிளம்பறீங்க?

— அந்தக் கடைக்கு.

— பணத்தைத் திருப்பிக் கேக்கவா? தர மாட்டாங்க.

— தவணையில ஒரு ஃபிரிட்ஜ் எடுக்கப் போறேன். என் பேர்ல, என் நம்பரைக் கொடுத்து. ஒரு தவணைகூடக் கட்ட மாட்டேன்.