நீலக் கதவை நீலமாகவே வைத்திருந்த மாக்கிறட் ரீச்சருக்கு

மன்னார்க் கடற்காற்றிலும் மங்காத குரலே! வரலாறு என்றாலே வயிற்றுவலி வந்த வகுப்புகளை வாய்பிளக்க வைத்த வல்லவரே! போர்க்காலச் செல்லடிக்கும் சுற்றறிக்கைக்கும் ஒருசேரத் தலைகுனியாத தகைமையே! மாக்கிறட் ரீச்சரே, வணக்கம்!

பிரியாவிடைச் சபையோரே, ரீச்சரின் மற்றப் புகழையெல்லாம் மற்றவர்கள் பாடுவார்கள். ஊர் முழுக்கத் தெரிந்தும் ஒருவரும் உரத்துச் சொல்லாத புகழை நாங்கள் சொல்கிறோம்.

சமாதான காலத்தில் பாடசாலைக்குக் கணினிகள் வந்தன. பிள்ளைகள் அதில் கார் ஓட்டி மதிலில் மோதிக்கொண்டிருக்க, ரீச்சருக்கு வேறு யோசனை. தொண்ணூறாம் ஆண்டு எங்கள் தமிழ்த் துவக்குக்காரர் முஸ்லிம் சனத்தை மன்னார்த் தீவைவிட்டு விரட்டிய கதை பாடநூலிலும் இல்லை, எங்கள் வாயிலும் இல்லை. "வாயாலை சொன்னால் காதைப் பொத்துவினம் தம்பி. விளையாட்டெண்டால் கையாலை தொடுவினம்" என்று கணினி ஆசிரியர் நுஃமானைப் பிடித்தார். சிறுவயதில் விரட்டப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து இங்கே வாடகை அறையில் இருப்பவர் நுஃமான்.

இருவரும் செய்த கணினி விளையாட்டில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்து, வீட்டைப் பூட்டி, கடற்கரைக்குப் போய் வள்ளமேற வேண்டும். தையல் மெசினை எடுத்தாலும் ஆட்டை எடுத்தாலும் வழியில் பறிபோகும். "ரீச்சர், இதிலை எப்பிடி வெல்லுறது?" என்றார்கள் பிள்ளைகள். "அந்த வருசம் வெண்டவை ஆரெண்டு எனக்கும் சொல்லுங்கோ" என்றார் ரீச்சர்.

நுஃமான் செய்த தவறு ஒன்றே. வேறு வீடு நினைவில் வராமல் தன் வீட்டையே வரைந்துவிட்டார்: நீலக் கதவு, மேலே பிறைவடிவக் கண்ணாடி, முற்றத்தில் மாதுளை. பத்தாம் வகுப்பு வசந்தமலர் கூவினாள்: "ஐயோ, இது எங்கட உப அதிபர் சேரின்ரை வீடெல்லே!"

இலுப்பைக்கடவையில் தன் வீடு செல் விழுந்து சிதறியபின், நுஃமான் குடும்பத்தின் 'சும்மா கிடந்த' வீட்டுக்குள் வந்தவர் உப அதிபர் நவரத்தினம் அவர்கள். அவருக்கும் போக இடமில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாளே கணினிகளுக்கு வைரஸ் வந்தது, அறைக்குப் பூட்டு வந்தது, திறப்பு அவருடைய சட்டைப்பைக்குப் போனது. வார இறுதியில் நீலக் கதவுக்குப் பச்சைப் பெயின்ற் வந்தது. வாளியோடு அவர் நின்றதைத் தெருக் கழுதைகளும் பார்த்தன, நாங்களும் பார்த்தோம்.

"நாங்களும் கேமிலை பச்சையாக்குவமா ரீச்சர்? சேர் அறையைத் திறந்து விடுவார்" என்று நுஃமானே மனந்தளர்ந்து கேட்டார்.

"வேண்டாம் தம்பி. கதவு நீலம்."

பிரியாவிடைக்கு என்ன வேண்டுமென்று ரீச்சரைக் கேட்டோம். "அந்த அறையைத் திறவுங்கோ, பிள்ளையள் விளையாடட்டும்" என்றார். ஆசிரியர் கூட்டம் கூடி, நெடுநேரம் ஆராய்ந்து, ஒரு சுவர் மணிக்கூடு வாங்கியது. இன்று தலைமை தாங்கவேண்டிய உப அதிபருக்குக் காய்ச்சலாம். காலையில் மீன் சந்தையில் நல்லாய்த்தான் நின்றார்.

அம்மையீர்! நோய் அண்டாமல் நெடுங்காலம் வாழ்க! எதுவரை என்றால், நுஃமான் அந்தக் கதவைத் தன் கையால் திறந்து, "உள்ளுக்கு வாங்கோ ரீச்சர்" என்று தங்களை அழைக்கும் நாள்வரை. எங்கள் ஊர் நடப்புக்கு அது நூறு வயதையும் தாண்டும்; ஆகையால் உடம்பைக் கவனமாய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
மணிக்கூடு வாங்கிக் கொடுத்த
ஆசிரியர் குழாம்
மன்னார், 2006