நடை வேகத்தில் ஒரு வண்டி

— முறுக்கினா சத்தம் ஏறுது, வண்டி நகரல. அதானேக்கா?

— அதேதான் தம்பி. பாலத்து மேட்டுல கத்திக்கிட்டே நிக்குது. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே என் உசுர வாங்கிட்டான்.

— போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு கிளட்ச்சைப் பிடிச்சுப் பாரு. லிவர் முதல்ல கொஞ்சம் சும்மா ஆடுதா?

— ஆடுது.

— அப்ப கேபிள் சரியாத்தான் இருக்கு. கருகின வாசனை?

— வருது. கரித்துணி அடுப்புல பத்தின மாதிரி.

— கிளட்ச் பிளேட் தேஞ்சிருச்சு. போன லீவுல நானே மாத்திட்டு வந்தேன், அதுக்குள்ளயா? அக்கா, நீ ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுற. முழுசா விடாம, பாதி பிடிச்சபடி ஊர்ந்துகிட்டே போற. அப்பா ஆசையா வச்சிருந்த வண்டிக்கா அது.

— டிராஃபிக்டா.

— உன் ஆபீஸ் கூப்பிடு தூரம். அதுல என்ன டிராஃபிக்?

— அதை விடு. உன் பட்டறையில இன்னும் அதே கேள்விதானா?

— அதை ஏன் கேக்குற. நம்ம ஊர் பேரை வச்சு இந்த நாட்டு டிவியில ஒரு தொடர் ஓடுது. சந்துக்குச் சந்து துப்பாக்கி. இன்னைக்கு முதலாளி, "உங்க வீட்டாளுங்க வெளிய போனா உசுரோட திரும்புவாங்களா?"ன்னு பாவப்பட்டுக் கேக்குறார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எங்கப்பா விடியக்காலையில தன்னந்தனியா நடந்துட்டு வருவார், ஒருத்தன் சீண்ட மாட்டான்"னு சொல்லிட்டேன்.

— அவர் தனியா நடக்கலடா. பின்னாடியே நான் வண்டியில போறேன். நடை வேகத்துல.

— எதுக்கு?

— வீட்டுக்குத் திரும்ப வழி தெரியல அவருக்கு. தடுத்தா கத்துறார். ஏறுங்கப்பான்னா, முன்னப்பின்ன தெரியாத பொம்பளை வண்டியில ஏற மாட்டேங்கிறார்.

— உன்னையா?

— என்னைத்தான்.

— வண்டியை வச்சுட்டு கூடவே நடக்கலாமேக்கா.

— நடந்து பாத்தேன். அந்த வண்டிச் சத்தம் பின்னாடி கேக்கலைன்னா பதறிடுறார். அது ஒண்ணுதான் இன்னும் அவருக்குத் தெரியுது.

— ஏன்க்கா என்கிட்ட மறைச்ச?

— சொன்னா வேலையைப் போட்டுட்டு ஓடி வருவே.

— எங்கதான் போறார்?

— உன் ஸ்கூலுக்கு. பூட்டின கேட் முன்னாடி நிப்பார். மணி அடிச்சதும் நீ வெளிய வருவியாம்.

— நான் கிளம்பி வர்றேன். என்னை அடையாளம் தெரியும்க்கா அவருக்கு. நேத்து வீடியோவில எவ்வளவு நேரம் சிரிச்சுப் பேசினார். "ஊர்ல கலாட்டா எதுவும் இல்லையே, கதவைப் பூட்டிக்கிட்டுப் பத்திரமா இருங்கப்பா"ன்னேன். தலையாட்டினாரே.

— தம்பி...

— சொல்லுக்கா.

— நீ போனை வச்சதும் என்கிட்ட சொன்னார்: "நல்ல புள்ள. எந்த நாட்டுக்காரனோ, நம்ம பாஷையை அழகாப் பேசுறான். பாவம், நம்ம ஊரை டிவியில மட்டும்தான் பாத்திருப்பான் போல."