பொன்னுருக்கலுக்கு முந்தைய வெயில்

மழை பெய்யும் நாட்களில்தான் எங்கள் கடைக்கு ஆட்கள் அதிகம் வருவார்கள். லண்டனில் பார்க்கிங் என்கிற இந்த ஊரில் வெயில் விற்கிற ஒரே தமிழச்சி தான்தான் என்று முதலாளி பெனிற்றா அன்ரி சொல்லிச் சிரிப்பார். நீங்கள் கவுன்சிலிலிருந்து வந்து படுத்தால் தோலைக் கறுப்பாக்கும் சன்பெட்டைச் சோதிப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பழுதும் இல்லை. அன்ரி மீதும் பிழை இல்லை.

என் அக்கா கம்சிகா, கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு ஸ்பெயினுக்குப் போய்வந்தாள். நீச்சலுடையின் பட்டி இருந்த இடம் தவிர முதுகெல்லாம் கறுத்துவிட்டது. கூறைச் சேலைக்குத் தைத்த சட்டையோ முதுகு திறந்தது. படத்தில் கோடு விழும் என்று ஒரே அழுகை. கோட்டையும் சேர்த்துக் கறுப்பாக்கினால் சரி என்று யோசனை சொன்னது நான்தான்.

"ஊரெல்லாம் வெள்ளையா வரக் கிறீம் பூசுது, இவள் காசு குடுத்துக் கறுக்கப்போறாள்," என்றார் அம்மா. வயிறு நோகச் சிரித்தோம்.

அக்கா தனியாக எதையும் சமாளிக்க மாட்டாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது ஆசிரியர்களோடு பேசியது அவள். இந்த வேலையை எனக்குக் கேட்டு வாங்கியதும் அவள். டெலிபோன் அடித்தால் நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன், அவள்தான் எடுப்பாள். அப்படிப்பட்டவளை மாப்பிள்ளை யனுஷன் அத்தான் பர்மிங்காமுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

முகப்பருவுக்கு அவள் மருந்துக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துச் சொல்வது எங்கள் வீட்டில் என் பொறுப்பு. தோல் சீக்கிரம் எரியும், சன்பெட் கூடவே கூடாது என்று அதில் இருந்தது.

"சாப்பிட்டிட்டுக் குடிக்கட்டாம்," என்றேன்.

தாலிக்குப் பொன்னுருக்கிவிட்டால் பெண் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் கூடாது. ஆகவே அதற்கு முந்தைய கிழமையில் அவளுக்கு நேரம் ஒதுக்கினேன். சாத்திரத்தை நான் மீறுவதில்லை.

கடைக்கு வருகிற எல்லோரிடமும் மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று எழுதிய அட்டையைக் காட்டுவேன். வாயால் கேட்கக் கூச்சம்.

"எனக்கு அட்டை இல்லையோடி?" என்று கேலி செய்தாள் அக்கா.

"உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதோ?"

"ஓம், எங்கட தோலுக்கு வெயில் என்ன செய்யப்போகுது," என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

சன்பெட்டில் பழகியவர்களுக்குக் கொடுக்கும் நீண்ட நேரத்தை வைத்தேன். மூடிக்குள் அவள் பாடினாள். வெளியே நின்று நானும் சேர்ந்து பாடினேன்.

மறுநாள் முதுகெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரி, கட்டு, கல்யாணம் தள்ளிப்போனது. குப்புறப் படுத்திருந்தவளுக்கு நான் ஸ்ட்ரோவால் சூப் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்தே கனகாலம்.

யனுஷன் அத்தான் பார்க்க வந்தார். "கல்யாணம் எங்கை ஓடப்போகுது? முதல்ல ஆறட்டும்," என்றார். பிறகு அவரும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"பர்மிங்காம் வீட்டில மேலை ஒரு சின்ன அறை இருக்கு. அது உனக்கு," என்றாள் அக்கா. "எப்பவோ பேசி முடிச்சிட்டம். கல்யாணத்தண்டு சொல்லி உன்னை அழவைப்பம் எண்டு இருந்தனாங்கள்."

பார்த்தீர்களா, நான் இதைச் செய்திராவிட்டால் அந்தச் சந்தோஷச் செய்தி கல்யாண நாள் வரைக்கும் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும்.