தபால் பெட்டிக்கு இரண்டு சாவி

1984ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை மாலை. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் நான் ஏறிய பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அந்தோணி, மற்றவர் மணியம்.

"எங்க வீட்டு லெட்டர் ஒன்பது நாளா மாதா காலடியில இருந்திருக்கு, மணியம்," என்றார் அந்தோணி.

"எந்த லெட்டர்?"

"புக்கிட் பாஞ்சாங்ல அரசாங்க வீடு ஒதுக்கின லெட்டர்தான். தபால் பெட்டிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என் வீட்டுக்காரி ரோஸிகிட்ட, ஒண்ணு என்கிட்ட. லெட்டர் வந்த அன்னைக்கு அவ மத்தியானமே எடுத்துட்டா. நான் தினம் சாயங்காலம் திறந்து பாக்குறேன், காலி. இந்தத் தடவையும் நமக்கு இல்லைன்னு முடிவே பண்ணிட்டேன்."

"தங்கச்சி உன்கிட்ட சொல்லலையா?"

"மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் ஜெபம் முடியாம பிரிச்சா, வீடு இல்லைன்னு வந்துடுமாம். சொன்னா நான் பிரிச்சிடுவேனாம்."

"பிரிச்சிருப்பே லா."

"கண்டிப்பா. நேத்து ஜெபம் முடிஞ்சப்புறம்தான் பிரிச்சோம். புதன்கிழமைக்குள்ள பதில் தரலைன்னா வீடு அடுத்த ஆளுக்குப் போயிரும்னு போட்டிருக்கு. இன்னைக்கு லீவு போட்டு, ரெண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்."

மணியம் பெருமூச்சு விட்டார். "அந்த இன்னொரு சாவியை வாங்கி வச்சுக்க."

"கேட்டேன், தரல. புது வீட்டுல யாரு லெட்டரை எடுத்தாலும், காலி உறையைப் பெட்டியிலேயே விட்டுடணும்னு பேசியிருக்கோம். அப்புறம் பாக்குற ஆளுக்கு லெட்டர் வந்தது தெரியுமில்ல."

"போஸ்ட்மேன் என்ன நெனப்பான்?"

"நெனச்சுக்கட்டும். காலி உறையை விடணும்னா, அவ அங்கேயே பிரிச்சுத்தானே ஆகணும்."