தகரத்தின் தொண்டை

எந்தத் தொலைக்காட்சித் தொடரையும் மூன்றாவது சீசனோடு நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. முதல் சீசனில் எழுதுகிறவனுக்குச் சொல்ல ஏதோ இருக்கும். இரண்டாவதில் அதைச் சொல்லப் பழகியிருப்பான். மூன்றாவதில் கதையை முடித்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான்காவது வந்தால் செத்தவன் உயிரோடு வருவான், அவனுக்கு ஓர் இரட்டைச் சகோதரன் முளைப்பான், என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். அவள் இப்போது ஒன்பதாவது சீசனில் இருக்கிறாள். எங்கள் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் வந்த பெரிய சண்டையெல்லாம் இதில்தான் வந்தது.

சினிமாவும் அப்படித்தான். இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களை விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கலாம். காவல் அதிகாரியான உங்களிடம் இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன் என்று சொல்லித்தானே தாள் வாங்கினேன். என் மச்சான் ஒரு படத்தின் ஐந்தாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "படம் பரவால்ல மாமா, நேரம் போனதே தெரியல" என்றான். தன் ஆயுள் கழிவது தெரியாமல் இருக்கக் காசு கொடுத்துவிட்டு வருகிறவனிடம் என்ன பேசுவது. அன்றிலிருந்து அவனோடு பேச்சு வார்த்தை இல்லை.

ராக் இசைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது அதைப் பற்றித்தான்.

தகரம் என்று நாங்கள் அழைத்த பாடகரின் குழு மூன்று ஆல்பங்கள் போட்டுவிட்டுக் கலைந்தது. தகரத்தைக் கிழித்தது போன்ற குரல், அதனால் அந்தப் பெயர். இரண்டாவது ஆல்பம் வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவிடம் அடி வாங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கேட்பேன். அவர் எனக்காகத்தான் ஆத்திரப்பட்டுப் பாடினார் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன். ஒரு மனிதத் தொண்டையில் இப்படியொன்று எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் குரல் சிகிச்சை படித்தேன். மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆசிரியைகள், ஏலம் போடுகிறவர்கள், மேடைப் பேச்சாளர்கள் என்று கத்தியே தொண்டையைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு மறுபடி பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. இதுவரை ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் அவரையே என்னிடம் அனுப்பினார்கள். அறுபத்திரண்டு வயது. குரல் நாணில் வளர்ந்திருந்த சதையை டாக்டர் வெட்டி எடுத்திருந்தார். பத்து நாள் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் பேனாவும் வைத்திருந்தார். மகளும் உடன் வந்தாள்.

"முப்பது வருஷம் கழிச்சு அப்பா புதுசா பத்துப் பாட்டு எழுதியிருக்கார் சார். அதை மட்டும் பாடிட்டாப் போதும்ங்கறார்" என்றாள்.

அதாவது நான்காவது ஆல்பம். நான் பேச்சை மாற்றி, இரண்டாவது ஆல்பம் எனக்கு என்னவெல்லாம் செய்தது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பலகையில் எழுதினார்: "அதை விடுங்க சார். அப்பவே தொண்டைல புண்ணு. வலி தாங்காம கத்தினது. இப்பக் கேட்டா எனக்கே பிடிக்கல."

எழுதியதைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

பத்து நாள் முடிந்ததும், உதட்டை மூடி 'ம்' என்று மட்டும் சொல்லச் சொன்னேன். சொன்னார். நான் தடுப்பதற்குள் புதுப் பாட்டு ஒன்றில் நான்கு வரியை மெல்லப் பாடிவிட்டார். கரகரப்பு இல்லை. கோபமில்லை. யாரையும் எதிர்க்காத குரல். மகள் அழுதுகொண்டே, "எவ்ளோ சுத்தமா இருக்கு, இல்ல சார்?" என்றாள். சுத்தமாகத்தான் இருந்தது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி.

எங்கள் வேலையில் பயிற்சித் தாள் இரண்டு எழுத வேண்டும். ஒன்று மருத்துவமனைக் கோப்புக்கு, ஒன்று நோயாளியின் வீட்டுக்கு. கோப்பில், வாய் மூடி முனகல், ஐந்து நிமிடம், தினம் மூன்று வேளை என்று எழுதினேன். வீட்டுத் தாளில், இரண்டு கையாலும் சுவரைத் தள்ளியபடி உரக்கக் கத்த வேண்டும், அரை மணி நேரம், மூன்று வேளை என்று எழுதினேன். இடையில் பேச வேண்டுமென்றால் அழுத்திக் கிசுகிசுக்கலாம் என்றும் சேர்த்தேன். ஆறாத குரல் நாணை இவை என்ன செய்யும் என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும்.

என் நோக்கம் கெட்டதல்ல. புண்ணால் வந்த குரல் புண்ணால் திரும்பும் என்று நினைத்தேன். அவரை அவரிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

ஆறாம் நாள் மகள் போன் செய்தாள். "ரொம்ப வலிக்குதாம் சார். எச்சில்ல ரத்தம் வருது. நிறுத்திடவா?"

"வலிச்சா ஆறுதுன்னு அர்த்தம்மா. விடாமப் பண்ணச் சொல்லுங்க."

"நீங்க சொன்னா சரி சார். அப்பா வேற யாரையும் கேக்க மாட்டார். என் ரசிகர் என்னைக் கைவிட மாட்டார்னு எழுதிக் காட்டறார்."

மூன்று வாரம் ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தார். நல்ல நோயாளி. டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது, குரல் நாண் இரண்டும் தழும்பேறி விறைத்திருந்தன. பழைய கரகரப்பு வரவில்லை. எதுவுமே வரவில்லை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. மகள் வீட்டுத் தாளை டாக்டரிடம் நீட்டினாள், அவர் கோப்பைப் புரட்டினார், அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று இன்றைய நாளிதழ் எழுதியிருக்கிறது. சொந்தமாக ஒரு வரி யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஆமாம், நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். ஆறாம் நாள் நிறுத்தியிருந்தால் குரல் தேறியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பத்துப் பாட்டும் வெளியே வந்திருந்தால் அவர் பெயர் கெட்டிருக்கும். அந்த அவமானத்திலிருந்து அவரைக் காப்பாற்ற வேறு யாரும் முன்வரவில்லை. மட்டமான பாட்டு, மட்டமான குரல். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயாளி முதன்முதலில் எழுப்பும் குரலைப் பதிவு செய்துவைப்பது எங்கள் வழக்கம். அந்த நான்கு வரி என் அறைக் கணினியில் இருக்கிறது. நானே அழிக்கத்தான் தினமும் உட்கார்ந்தேன். ஒருதடவை கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று போடுவேன், அப்புறம் பார்த்தால் மருத்துவமனையைப் பூட்டும் நேரமாகியிருக்கும். நீங்கள் அழித்துவிடுங்கள். நீதிபதி முன்னால் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள். கேட்டால், நான் சொன்ன காரணத்தை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.